ஆற்றுகிறவள்

இரவு பதினொன்று.
ஸ்காட்ஸ்டேலில் இன்னும் தொண்ணூற்றெட்டு டிகிரி, பாரன்ஹீட்டில்.
தரை ஓடுகள் பகலை
பல்லில் கவ்வியபடி விடாமல் கிடக்கின்றன.
கடைசி விருந்தினர் தொப்பியை மறந்து போகிறார்.
கயிறு கட்டி, பலகை மாட்டி,
வெப்பமானியை நூலோடு இறக்குகிறேன்.
எண்பத்தெட்டு.

காலை ஏழுக்குள் எண்பத்து நாலாக வேண்டும்.
ஒன்று கூடினால் பிரென்ட் உதட்டைக் கடிப்பான்.
நாலும் குறையாவிட்டால்
டெக்சாஸிலிருந்து வந்தவர்கள்
"எங்களை என்ன சூப்பா வைக்கிறீர்கள்" என்று
வரவேற்பு மேசையில் எழுதிவிட்டுப் போவார்கள்.
நாலு டிகிரிதான்.
ஆனால் தொண்ணூறாயிரம் காலன்.

முதலில் அருவியைத் திறப்பேன்.
பகலில் அது படம் எடுத்துக்கொள்ள.
இரவில்தான் உத்தியோகம்.
சிமெண்டுப் பாறையின் உச்சியிலிருந்து
டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே காப்பி இழுப்பதுபோல
தண்ணீர் நீண்டு, கிழிந்து, சிதறும்.
ஒவ்வொரு துளியும் தன்னில் கொஞ்சத்தைக் காற்றுக்குக் கொடுத்து
மிச்சத்தைக் குளிரவைக்கும்.
இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் நீளப் பெயர்,
சட்டைப் பையின் மேல் தைத்திருக்கிறார்கள்.
தமிழில் ஒரு வினைச்சொல் போதும்:
ஆற்றுகிறேன்.

விடிவதற்குள் அரை விரல்கடை குளம் காணாமல் போயிருக்கும்.
கால்வாய்த் தண்ணீர் வந்து நிரப்பும்.
இந்தக் குளம் ஆற
எங்கோ ஓர் ஆறு அவ்வளவு மெலிகிறது.
நான் நிரப்பும் படிவத்தில்
அதற்குக் கட்டம் கிடையாது.

ஜூன் வரை இது ஓடும்.
காய்ந்த காற்று, கொடுத்ததையெல்லாம் குடிக்கும்.
ஜூலையில் தெற்கே மேகம் திரண்டால்
காற்றுக்கு வயிறு நிறைந்துவிடும்.
அருவி பாட்டுக்கு விழும், குளம் பாட்டுக்குக் கொதிக்கும்.
ராயபுரத்தில் இருபத்தாறு கோடை
ரவிக்கை காயாமல் கழித்தவளுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போது இயந்திரம்.
சலவை அறையின் பின்புறம், ஒரு சின்ன லாரி அளவு.
ஒரு குழாயில் சூடாகப் போகும்,
மறு குழாயில் சாதுவாகத் திரும்பும்.
நடுவில் என்ன நடக்கிறதென்று
சேர்ந்த மாதமே கையேட்டில் படித்துவிட்டேன்.
சூட்டை யாரும் அழிப்பதில்லை.
அள்ளி வேறிடத்தில் கொட்டுகிறோம்.

வேறிடம் என்றால்
ஒரு சுவர், ஒரு பெஞ்சு, சிகரெட் அணைக்க ஒரு தகர டப்பா.
ரெஃபூகியோ, கூக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்,
இரண்டு மணிக்கு அங்கே உட்கார்ந்து பர்ரித்தோ பிரிப்பாள்.
நானூறு துவாலை மடித்த கை.
ஆறு விசிறிகளும் அவள் முகத்தைப் பார்த்து ஊதும்,
நாள் முழுக்க யார்யாரோ மிதந்த வெயிலை.

நேற்று புழுதிப் புயல்.
பனைமரங்கள் ஒரு பக்கமாய்ப் படுத்து எழுந்தன.
குடைகளை ஓடி ஓடி மடக்கினோம்.
ஒன்றே முக்காலுக்கு இயந்திரம்
தகடெல்லாம் மண் அப்பி, மூச்சுமுட்டி நின்றது.

அப்படி ஓர் அமைதியை அந்தச் சுவர் கேட்டதில்லை.
கூக்கா வந்தாள். உட்கார்ந்தாள்.
பொட்டலத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் நிமிர்ந்திருந்தாள்.
ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள்,
எனக்கு எட்டிய வரை: "காத்து."

நான் தகடுகளைத் துடைத்தேன்.
பத்து நிமிட வேலை.
மேலிருந்து கீழாகத் துடைத்தேன்,
பிறகு கீழிருந்து மேலாக.
துடைத்த இடத்தையே இன்னொரு முறை.
அவள் காகிதத்தைக் கசக்கி எறிந்து,
தலைமுடியை வலைக்குள் திணித்து,
கதவுக்குள் போனபிறகு
பொத்தானை அழுத்தினேன்.

ஏழு மணி. எண்பத்தைந்து.
பிரென்ட் உதட்டைக் கடித்தான்.
"புயல்" என்றேன். பொய் இல்லை.

கயிற்றை அவிழ்ப்பதற்குள்
ஆறேழு வயதுப் பையன் ஒருவன்,
ஒரு காலில் மட்டும் செருப்பு,
விரல் வைத்துக்கூடப் பார்க்காமல்
குதித்தான்.